கடிதம் கொடுத்த சபை கூடவும் வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹவுஸ் சர்ஜன் பயிற்சியை முடித்து இளம் மருத்துவர்கள் வெளியே வரும் நாட்களில் கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றிலும் ஒரே பேச்சுதான் ஓடும். “மிஷன் ஆஸ்பத்திரியில் போய் 2 வருஷம் உட்கார்ந்தால் பி.ஜி. மேற்படிப்பு என்னாவது? பொம்பளப் பிள்ளையைத் தெரியாத ஊருக்கு எப்படித் தனியே அனுப்புவது?” இந்தக் கேள்விகள் நியாயமானவை. “ஆண்டவர் பார்த்துக்கொள்வார்” என்ற ஒற்றை வரி இதற்குப் பதிலாகாது. பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு பிள்ளைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பிய சபைக்கு இருக்கிறது. அதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

வெளியில் இருப்பவர்களுக்காக ஏற்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் திருச்சபைகளும் மிஷன் அமைப்புகளும் தங்கள் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுக்கும். அப்படிச் சேர்ந்தவர் எம்.பி.பி.எஸ். முடித்ததும், தம்மை அனுப்பிய அமைப்பு காட்டும் இடத்தில், பெரும்பாலும் மருத்துவர் கிடைக்காத ஊரில், 2 ஆண்டு வேலை செய்வதாகக் கையெழுத்திடுகிறார். நீட் வந்த பிறகு சேர்க்கை முறை எவ்வளவோ மாறிவிட்டது. சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. ஆனாலும் “ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்யவும்” என்ற மாற்கு 10:45-ஐக் குறிக்கோளாகக் கொண்ட கல்லூரியில் அந்த 2 ஆண்டுகளின் நோக்கம் மாறிவிடவில்லை.

அந்தக் கல்லூரியை நிறுவிய ஐடா ஸ்கடரின் கதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவத்துக்கு உதவி கேட்டு ஆட்கள் வந்தார்கள். ஆண் மருத்துவரை உள்ளே விட அவர்களுக்கு மனமில்லை. பெண் மருத்துவரோ இல்லை. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். பிரசங்கங்கள் பெரும்பாலும் இந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் இன்றைய பட்டதாரிகள் கவனிக்க வேண்டும். அழைப்பு வந்த மறுநாளே அவர் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு புறப்படவில்லை. அமெரிக்கா திரும்பி, மருத்துவம் படித்து, 1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, ஆஸ்பத்திரி கட்டப் பணம் திரட்டிக்கொண்டு 1900-இல் வேலூர் வந்தார். மருத்துவரான தகப்பனாரிடம் இருந்து தொழில் பழகலாம் என்றிருந்த வேளையில், சில மாதங்களிலேயே அவர் இறந்துபோனார். பக்கத்தில் சீனியர் இல்லாத புதுப் பட்டதாரி, வீட்டில் ஒரே படுக்கை. வேலூர் மருத்துவமனை அங்கிருந்து தொடங்கியது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி, 1942-இல் எம்.பி.பி.எஸ்., 1947-இல் ஆண் மாணவர்கள் என்று அது வளர்ந்ததெல்லாம் பிற்பாடு. அழைப்பு ஓர் இரவில் வந்திருக்கலாம். அதற்குரிய ஆயத்தம் பல ஆண்டுகள் எடுத்தது.

இன்று நம் பிள்ளைகளில் பலர் அந்த ஆயத்தம் இல்லாமல்தான் ரயிலேறுகிறார்கள். காட்பாடியில் ஏறி இரண்டு மூன்று இரவு கழித்துப் போய்ச் சேரும் ஊர்கள் அவை. பீகாரில் நேபாள எல்லையை ஒட்டிய ரக்சௌல், ஒடிசாவின் மலைப்பகுதியில் பிசம்கட்டக், ஜார்க்கண்டில் சத்பர்வா, அசாமில் மகுந்தா போன்ற இடங்களில் மிஷன் மருத்துவமனைகள் இயங்குகின்றன. நம் ஊர்ப் பக்கம் ஒட்டன்சத்திரமும் இருக்கிறது. ஆனால் அங்கே மொழியும் சாப்பாடும் நம்முடையவை என்பதால் பாரம் குறைவு.

முதல் தடை காகிதம். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவர் வேறு மாநிலத்தில் வைத்தியம் பார்க்க அந்த மாநிலக் கவுன்சிலிலும் பதிய வேண்டும். இங்கிருந்து தடையின்மைச் சான்று வாங்கி, அங்கே அசல் சான்றிதழ்களைக் காட்டி முடிக்க வாரக்கணக்கில் ஆகிவிடும். போய்ச் சேர்ந்த பிறகு ஆரம்பிப்பவர் முதல் இரண்டு மாதம் சட்டப்படி மருந்துச்சீட்டு எழுத முடியாமல் நிற்பார். பயிற்சியின் கடைசி மாதத்திலேயே விண்ணப்பங்களைத் தயார் செய்துவிட வேண்டும்.

அடுத்தது ஸ்கேன். கருவுற்ற பெண்ணுக்கு அல்ட்ராசவுண்ட் பார்க்க எம்.பி.பி.எஸ். மட்டும் போதாது. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டத்தின் கீழ் 2014-இல் வந்த விதிகளின்படி 6 மாதப் பயிற்சி வேண்டும், மருத்துவரின் பெயர் அந்தக் கருவியோடு பதிவாகியிருக்க வேண்டும், ஒவ்வொரு ஸ்கேனுக்கும் எஃப் படிவம் நிரப்ப வேண்டும். நள்ளிரவில் “குழந்தை எப்படிக் கிடக்கிறது என்று சும்மா ஒருதரம் வைத்துப் பாருங்கள் டாக்டர்” என்று நர்ஸ் நல்லெண்ணத்தோடுதான் கேட்பார். வைத்துவிட்டால் மருத்துவமனையின் ஸ்கேன் உரிமமே போய்விடலாம். மறுக்கத் தெரிந்திருக்க வேண்டும். வயிற்றைத் தொட்டுப் பார்த்தே கிடப்பைச் சொல்லவும் பழகியிருக்க வேண்டும்.

மொழியால் வரும் ஆபத்து பலருக்கும் புரிவதில்லை. இந்திக்காரர் “புகார்” என்றால் காய்ச்சல். தமிழ்க் காதுக்கு அவர் ஏதோ குறை சொல்ல வந்தவர் போலக் கேட்கும். “சக்கர்” என்றால் தலைசுற்றல். அதைச் சர்க்கரை என்று எடுத்துக்கொண்டு ரத்தச் சர்க்கரைக்குச் சோதனை எழுதியவர்கள் உண்டு. “கித்னே தின் ஸே”, எத்தனை நாளாக என்ற மூன்று சொற்கள் மட்டும் பிடிபட்டாலே பாதி நோய்க்கதை வந்துவிடும். புறப்படுவதற்கு முன் 200 சொற்களும், நோயாளியிடம் கேட்க 30 கேள்விகளும் வாயில் பழகியிருக்க வேண்டும். மலைக் கிராமங்களில் இந்தியும் உதவாது. அங்கே உள்ளூர் நர்ஸ்தான் நாக்கு. அவரை மதிக்காத மருத்துவர் ஊமையாகிவிடுவார்.

இனி வைத்தியம். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜன் ரத்தம் எடுத்தே ஓராண்டைக் கழித்துவிட முடியும். முடிவெடுக்க மேலே பத்துப் பேர் இருப்பார்கள். மிஷன் மருத்துவமனையில் இரவு 2 மணிக்கு முதல் முடிவு அவருடையது. இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

கர்ப்பகால வலிப்புக்கு மெக்னீசியம் சல்பேட். புத்தகத்தில் எல்லாரும் படித்ததுதான். கையில் ஆம்பூலை (மருந்து அடைத்த சிறு கண்ணாடிக் குப்பியை) வைத்துக்கொண்டு கணக்குப் போடும்போதுதான் தடுமாறுகிறார்கள். 50 சதவீத மருந்து 2 மில்லி ஆம்பூலில் 1 கிராம் இருக்கும். 4 ஆம்பூலை, அதாவது 8 மில்லியை, 12 மில்லி வடிநீருடன் கலந்து 20 மில்லியாக்கி, 5 நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாக ரத்தக்குழாயில் ஏற்ற வேண்டும். பிறகு ஒவ்வொரு பிட்டத்திலும் 5 ஆம்பூல், ஆழமாக, தசையில். மொத்தம் 14 ஆம்பூல். மேஜையில் 14 உடைந்த ஆம்பூல்களைப் பார்த்ததும் புதியவருக்குப் பயம் வந்துவிடும். பாதியோடு நிறுத்திவிடுவார், வலிப்பு திரும்ப வரும். இதற்கு நேரெதிரான தவறும் நடக்கிறது. 4 மணி நேரத்துக்கு ஒருமுறை 5 கிராம் தொடர வேண்டும் என்பது நினைவிருக்கும், அதற்கு முன் பார்க்க வேண்டிய மூன்றும் மறந்துவிடும். முழங்காலைத் தட்டினால் கால் துள்ளுகிறதா? மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையவில்லையா? கடந்த 4 மணி நேரத்தில் சிறுநீர் 100 மில்லியாவது இறங்கியதா? சிறுநீர் இறங்காவிட்டால் மருந்து உடம்பிலேயே தங்கி மூச்சை நிறுத்திவிடும். அதனால் அதற்கு முறிவு மருந்தான கால்சியம் குளூக்கோனேட் 10 மில்லி ஊசி கட்டிலருகே தயாராக இருக்க வேண்டும், ஸ்டோர் அலமாரியில் இருந்தால் பயனில்லை. ஆம்பூலின் மேல் எழுதியிருக்கும் செறிவை ஒவ்வொரு முறையும் வாய்விட்டுப் படிப்பது நல்ல பழக்கம்.

பாம்புக்கடி இன்னொன்று. விரியன் கடித்ததா என்று அறிய 2 மில்லி ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, ஒரே ஒருமுறை சாய்த்துப் பார்க்கிறோம். உறையாமல் ஓடினால் விஷமுறிவு மருந்து தேவை. மிக எளிய சோதனை. ஆனால் குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ, சோப்புத்தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியாக இருந்தாலோ நல்ல ரத்தமும் உறையாது. கண்ணாடிப் பரப்புத்தான் உறைதலைத் தூண்டுகிறது, சோப்புப் படலம் அதை மூடிவிடுகிறது. விளைவாக, விஷமேறாத ஆளுக்கு 10 குப்பி மருந்து ஏறும். அதன் ஒவ்வாமையும் சேர்ந்து வரும். சோப்புப் படாத, காய்ந்த கண்ணாடிக் குழாய்களைத் தனியே ஒரு டப்பாவில் போட்டு அவசரப் பிரிவில் வைத்துவிட்டால் இந்தத் தவறு நின்றுவிடும்.

கட்டுவிரியன் விஷயம் வேறு. தரையில் படுத்துத் தூங்கியவரை இரவில் கடிக்கும். வலியோ வீக்கமோ இராது. பல நேரம் பல் பட்ட தடம்கூடத் தெரியாது. விடிகாலையில் வயிற்றுவலி என்று வருவார். ரத்தம் சரியாகவே உறையும். வயிற்றுவலி ஊசி போட்டு அனுப்பினால் வழியிலேயே மூச்சு நின்றுவிடும். “ராத்திரி எங்கே படுத்தீர்கள்?” என்று கேட்டு, கண் இமை தொங்குகிறதா என்று பார்த்தால் உயிர் பிழைக்கும். வென்டிலேட்டர் இல்லாத இடத்தில் உறவினர்கள் முறைவைத்து மணிக்கணக்கில் மூச்சு கொடுக்கும் பையைக் கையால் அழுத்தியே பிழைத்தவர்கள் உண்டு. இதோடு இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நம் நாட்டு விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. தமிழ்நாட்டுப் பாம்புகளின் விஷத்தை வைத்துச் செய்த மருந்து அசாம் பாம்புக்கு அதே அளவில் வேலை செய்யும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. கல்லூரியில் பார்த்தது அங்கே நடக்காதபோது மருந்தை மேலும் மேலும் ஏற்றாமல், அந்த ஊரில் அனுபவப்பட்ட மருத்துவரைக் கேட்க வேண்டும்.

ஆகவே பயிற்சி ஆண்டிலேயே பிரசவ அறை, மயக்க மருந்து, அவசரப் பிரிவு மூன்றிலும் கூடுதல் நாட்களைக் கேட்டு வாங்க வேண்டும். பிறந்த குழந்தை அழாவிட்டால் முதல் நிமிடத்துக்குள் பையும் மாஸ்க்கும் பிடிக்கக் கை தானாகப் போக வேண்டும். பி.ஜி. பற்றிய கவலைக்கு வருவோம். வேலூரின் தொலைதூரக் கல்விப் பிரிவு வேலையில் இருந்துகொண்டே படிக்கக் குடும்ப மருத்துவத்தில் 2 ஆண்டு பட்டயப் படிப்பு நடத்துகிறது. சில மிஷன் மருத்துவமனைகளிலேயே டி.என்.பி. என்ற மேற்படிப்பு இருக்கிறது. நீட் பி.ஜி.க்குப் படிப்பவர் தினமும் 2 மணி நேரமாவது ஒதுக்க மருத்துவமனை இடம் கொடுக்க வேண்டும். டியூட்டி அட்டவணை போடும்போதே அதை எழுதிக் கேட்பதில் தவறே இல்லை.

இவ்வளவில் விசுவாசம் எங்கே வருகிறது என்று சிலர் கேட்கலாம். எனக்கு விசுவாசமும் ஆயத்தமும் வேறுவேறாகத் தெரியவில்லை. மிஷன் மருத்துவமனைகளில் காலை ஜெபத்தோடு நாள் தொடங்கும். வாரம் ஒருமுறை இளம் மருத்துவர்தான் வசனம் வாசித்துப் பேச வேண்டியிருக்கும். கீறல் போடுமுன் நோயாளியின் சம்மதத்தோடு அவர் மொழியில் ஒரு சிறு ஜெபம் சொல்வார்கள். 14 ஆம்பூலையும் சரியாக எண்ணிய கை ஜெபித்தால்தான் அந்த ஜெபத்துக்கு மதிப்பு. அதே சமயம், கட்டிலில் கிடப்பவருக்கு எழுந்து போகும் சுதந்திரம் இல்லை என்பதை மறக்கவே கூடாது. வைத்தியத்தைக் காட்டி மதத்தைப் பேசுவது அவருக்குச் செய்யும் அநியாயம். மதமாற்றத் தடைச் சட்டங்கள் ஒடிசாவில் 1967 முதலும் மத்தியப் பிரதேசத்தில் 1968 முதலும் ஜார்க்கண்டில் 2017 முதலும் இருக்கின்றன. அவை இல்லாவிட்டாலும் இந்த எல்லை இருந்தாக வேண்டும். யார் வந்தாலும் ஒரே வரிசை, ஒரே மருந்து. கேட்டால் மட்டும் தன் நம்பிக்கையைச் சொல்வது. நல்ல மிஷன் மருத்துவர்கள் இப்படித்தான் நடக்கிறார்கள்.

அந்த நம்பிக்கைக்குச் சோதனை முதல் தாய் மரணத்தில் வரும். நான்கு மணி நேரத் தூரம் ஜீப்பில் வந்த பெண், வழியிலேயே ரத்தம் எல்லாம் போய், பிரசவ அறையில் இறந்துபோவார். 24 வயது மருத்துவர் வெளியே வந்து கணவரிடம் சொல்ல வேண்டும். அன்றிரவு “நான்தான் கொன்றேன்” என்று தோன்றும். ஜெபிக்க வாய் வராது. இந்த நேரத்தில் சீனியர் செய்ய வேண்டியது மறுநாளே கேஸ் ஷீட்டோடு பக்கத்தில் உட்கார்ந்து, எது தவிர்த்திருக்கக்கூடியது, எது முடியாதது என்று வரிவரியாகப் பிரித்துக் காட்டுவது. ஊரிலிருக்கும் ஆயர் செய்ய வேண்டியது போன் போட்டு, உபதேசம் எதுவும் சொல்லாமல், அழவிட்டுக் கேட்பது. வாட்ஸ்அப்பில் ஒரு வசனப் படம் அனுப்பினால் கடமை முடிந்தது என்று நினைக்கிறோமே, அது மனதை நோகடிக்கிறது. விசுவாசமில்லாததால் பாதியில் திரும்பியவர்கள் என்று நாம் பேசுகிறவர்களில் பலர் அந்த இரவில் ஆளில்லாமல் தனித்து விடப்பட்டவர்கள்.

சபைகளிடம் வெளிப்படையாகவே கேட்கிறேன். பரிந்துரைக் கடிதக் காலத்தில் திருமண்டல அலுவலகங்களில் எவ்வளவு கூட்டம்! கடிதம் சீட்டுக்காக வாங்கப்படுகிறது. நேர்காணலில் வசனம் ஒப்பிக்கச் சொல்கிறோம். அதற்குப் பதிலாக, பிளஸ் 2 விடுமுறையில் பிள்ளையைப் பத்து நாள் ஒரு மிஷன் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். டோக்கன் கொடுக்கட்டும், ஸ்ட்ரெச்சர் தள்ளட்டும், வார்டில் இரவு விழிக்கட்டும். விருப்பமில்லை என்று திரும்பினால் அதுவும் நல்லதுதான், நேர்மையாக வேறு படிப்புக்குப் போகட்டும்.

பணத்தையும் பேசியாக வேண்டும். கல்விக்கடனுக்கு வழக்கமாகப் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும்தான் விலக்கு. சம்பளம் குறைந்த சேவைக் காலத்தின் நடுவிலேயே தவணை தொடங்கிவிடுகிறது. வீட்டில் தங்கை திருமணம் நிற்கும். வேலூரில் கட்டணம் குறைவு என்பதால் அங்கே படித்தவர்களுக்கு இந்தப் பாரம் அவ்வளவாக இல்லை. வேறு தனியார் கல்லூரிகளில் நர்சிங்கோ மருத்துவமோ படித்து, தாமாக ஒப்புக்கொடுத்துப் போகிறவர்களுக்கு இதுதான் கழுத்தை நெரிப்பது. ஓர் அறுப்புப் பண்டிகை ஏலத்தில் வரும் தொகையில் ஒரு பகுதியை எடுத்து வைத்தால் ஒரு பிள்ளையின் இரண்டாண்டு வட்டியைச் சபையே கட்டிவிடலாம். வெளிநாட்டு நிதி வரும் என்று காத்திருக்கவும் வழியில்லை. 2020-இல் செய்த சட்டத்திருத்தத்துக்குப் பிறகு ஓர் அமைப்பு பெற்ற வெளிநாட்டு நன்கொடையை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. சிறிய மருத்துவமனைகள் இப்போது நம் காணிக்கையைத்தான் நம்பியிருக்கின்றன.

பெண் மருத்துவர்களின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. குடியிருப்பில் உள்ளேயே கழிப்பறை இருக்கிறதா, இரவில் வார்டுக்குப் போகும் பாதையில் விளக்கும் காவலாளியும் உண்டா, கூட இன்னொரு பெண் மருத்துவரோ நர்சிங் பள்ளி ஆசிரியையோ தங்குகிறாரா என்று மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் நேராகக் கேளுங்கள். கேட்டால் விசுவாசக் குறைவு ஆகிவிடாது. இருவர் இருவராக அனுப்புவது மிக நல்லது. தனியாய்ப் போனவர் ஆறு மாதத்தில் சோர்ந்துபோகும் இடத்தில் இருவர் இரண்டாண்டு முடித்துவிடுகிறார்கள்.

மருத்துவர்களைப் பற்றியே எழுதிவிட்டேன். பி.காம். படித்த பிள்ளைகளும் இதைக் கவனிக்க வேண்டும். 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வைத்தியம் இலவசம். மருத்துவமனைக்குப் பணம் வருவது ஆவணங்களைப் பொறுத்தது. முன்அனுமதிப் படிவத்தில் ஒரு நோய்ப்பெயரும் டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் வேறொரு பெயரும் இருந்தாலே கோரிக்கை திரும்பி வந்துவிடும். கிராம மிஷன் மருத்துவமனையில் அதை உட்கார்ந்து சரிபார்க்க ஆளில்லை. கவனமான ஒரு கணக்குப் பட்டதாரி அந்த மேஜையில் இருந்தால் அங்கே நர்சுகளுக்கு மாதச் சம்பளம் தவறாது. கருவிகளை நீராவியில் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவ் கதவின் ரப்பர் வளையத்தை மாற்றவும், இன்வெர்ட்டர் பேட்டரியைப் பராமரிக்கவும், ஆக்சிஜன் கருவியின் வடிகட்டியைக் கழுவவும் தெரிந்த டிப்ளமோக்காரருக்கும் அங்கே இடமுண்டு. அவர்களையும் ஆலயத்தில் முன்னே நிறுத்தி, ஜெபித்து அனுப்புங்கள்.

சபைச் செயலர்களிடம் ஒரு விண்ணப்பம். கடந்த 5 ஆண்டில் உங்கள் சபை யார் யாருக்குக் கடிதம் கொடுத்தது என்ற கோப்பை எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே இப்போது எந்த ஊரில், எந்த மருத்துவமனையில் இருக்கிறார், எந்த மாதம் முடிகிறது என்று எழுதுங்கள். எழுத முடியாத பெயர்களுக்கு இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலயத்தின் வெஸ்ட்ரி அறையிலிருந்தே போன் செய்யுங்கள்.

இப்படிக்கு,
மிஷன் மருத்துவப் பணியில் உள்ள வாசகர்,
பாளையங்கோட்டை